விமானத்துக்கு அறுபதாம் கல்யாணம்

"உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பரந்து வாழும் வேனா மூனா வீட்டுப் புள்ளிகள் அனைவரின் மேலான கவனத்திற்கு: நிகழும் விசுவாவசு ஆண்டு, கார்த்திகைத் திங்கள், சனிக்கிழமை பிற்பகல் சுபயோக சுபவேளையில், நம் வீட்டு இளைய வகையைச் சேர்ந்த அழகுசுந்தரம் அவர்களின் பராமரிப்பில் இருந்துவரும் சிறிய விமானத்திற்கு அகவை அறுபது நிறைவதை முன்னிட்டு, நமது பூர்வீக இல்லத்தில் சாந்திக் கல்யாணம் நடத்துவதென நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. நம் வீட்டின் வரலாற்றில் மட்டுமன்றி வான்வெளியின் வரலாற்றிலும் இது முதன்முறை என்பதைப் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்று மாலை புயல் எதிர்பார்க்கப்படுவதால் பங்காளிகள் முன்கூட்டியே வந்திருந்து சிறப்பிக்கவும். சாப்பாடு உண்டு."

இந்த அறிவிப்பு வீட்டு வாட்சப் குழுவில் வந்ததும் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். நியூஜெர்சியிலிருந்து ஒருவர் "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டுவிட்டு, பிறகு மேலே படித்துப் பார்த்து அழித்தார். மற்றவர்கள் சாப்பாடு யார் சமையல் என்று கேட்டார்கள். விமானத்துக்கு எதற்குச் சாந்தி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. குழு தீர்மானித்துவிட்ட விஷயத்தில் காரணம் கேட்பது அந்த வீட்டில் வழக்கமில்லை.

காரணம் இதுதான்.

அழகுசுந்தரம் காரைக்குடியில் பம்புசெட் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பத்திரண்டு. இத்தனை காலமும் ஒழுங்காக இருந்துவிட்டு, ஐந்து வருடத்துக்கு முன், இழுத்து மூடிய ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் கோழிகள் அடைந்துகிடந்த இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை வாங்கிவிட்டார். சிநேகிதர் முனீர், சார்ஜாவில் விமானப் பழுது பார்க்கும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஊருக்கு வெளியே, போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுபாதையின் ஓரத்தில் அந்த விமானத்தை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் அதைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், மறுபடி கழற்றினார்கள். வருகிற தை மாதம் பரிசோதகர் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால் அது பறக்கும். இதுவரை அது பறந்து அழகுசுந்தரம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பறக்காத விமானத்துக்குக் காப்பீடு கொடுக்க எவரும் தயாராக இல்லை. உடைந்தால் உடைந்ததுதான்.

இந்த நிலையில் வங்கக் கடலில் புயல் பிறந்தது. தொலைக்காட்சியில் வானிலைக்காரர் போட்ட கோடு, தொண்டிப் பக்கம் கரையேறி, வேறு வேலையே இல்லாததுபோல நேராக அந்த ஓடுபாதை மேல் வந்தது. சனிக்கிழமை மாலை என்றார்.

பறந்து தப்பிக்க வழியில்லை. இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பாகம் பழுதுக்காகப் பெங்களூர் போயிருந்தது.

"அண்ணே, இதுக்கு ரெக்கை மேல இருக்கு, உடம்பு லேசு. காத்து எதுக்க பலமா அடிச்சா இன்ஜினும் வேணாம், பைலட்டும் வேணாம். தன்னால எந்திரிச்சுப் போயிரும். போயிட்டு எங்க எறங்கும்னுதான் சொல்ல முடியாது. எப்படியாச்சும் ஒரு கூரைக்குள்ள தள்ளிருவோம்" என்றார் முனீர்.

கூரை தேடினார்கள். அரிசி ஆலைக் கிட்டங்கியில் நெல் இருந்தது. கல்யாண மண்டபத்தில் கல்யாணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் புயல் முகாம் இருந்தது. சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்த அழகுசுந்தரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்த மனைவி சாலா சொன்னார்:

"ஊரெல்லாம் கூரை கேட்டு அலையுறீக. நமக்கு அரமணை கணக்கா வீடு இருக்கு. அதுல நமக்கும் ஒரு புள்ளி பங்கு இருக்குன்னு என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்க அப்பச்சி நெஞ்சை நிமித்திச் சொன்னாக. கல்யாணத்தன்னைக்குப் பாத்தது. அதுக்கப்புறம் அந்தப் பங்கை நான் கண்ணால கண்டதில்லை."

வேனா மூனா வீடு என்பது முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிற வீடு. உள்ளே யாரும் வசிப்பதில்லை. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பங்கு. பங்குக்காரர்கள் பெருகப் பெருக, யாருக்கும் ஒரு சன்னலுக்கு மேல் பாத்தியதை இல்லாமல் போய்விட்டது. பின் தெருவைப் பார்த்தாற்போல அதில் ஒரு மோட்டார் கொட்டகை உண்டு. பர்மாவில் தேக்கு விற்ற பாட்டன்மார் வரிசையாகக் கார் நிறுத்துவதற்காகக் கட்டியது. ஊரே பறந்தாலும் அதன் சுவர் பறக்காது. முனீர் போய் வெளியே நின்று கேட்டை அளந்தார். ரெக்கைகளைக் கழற்றிவிட்டால் விமானம் தாராளமாக உள்ளே போகும்.

கேட்டில் மூன்று பூட்டுகள். மூன்று பாட்டன்மார் வழிவந்த வகைகளில் மூத்த வகைக்கு ஒன்று, நடு வகைக்கு ஒன்று, இளைய வகைக்கு ஒன்று. ஒரு வகையாரை இன்னொரு வகையார் நம்பாததால் ஏற்பட்ட ஒற்றுமை அது. மூவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும்.

நடு வகைச் சாவி குழுச் செயலாளர் வயிரவனிடம் இருந்தது. அழகுசுந்தரம் போனபோது அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். சாவி அவர் இடுப்பில் இருந்தது.

"புயலுக்கெல்லாம் வீட்டைத் தெறக்க வழி இல்லை தம்பி. நாலே காரணம்தான். கல்யாணம், சாந்தி, முன்னோர் படைப்பு, துக்கம்."

"ஒரு நாள்ண்ணே. ஒரு ராத்திரி நிறுத்திட்டு எடுத்துக்கிறேன்."

"தெறக்காம வச்சிருக்கதுதான் தம்பி பராமரிப்பு. தெறந்தாக் காத்து வரும். காத்து வந்தாத் தூசி போகும். தூசி போனாச் சாமான் தெரியும். சாமான் தெரிஞ்சா ஆளாளுக்குப் பங்கு கேப்பாக. எதுக்கு வம்பு?" வயிரவன் கொஞ்சம் யோசித்தார். "துக்கம்னா ஒரு பேச்சும் இல்லை. ராகு காலம் பாக்க மாட்டோம், தீர்மானம் போட மாட்டோம், கூப்புட்ட குரலுக்குத் தெறந்துருவோம். நம்ம வகையில யாரும் தவறலையே?"

"இல்லண்ணே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சிங்கம்புணரிப் பெரியவுகளுக்கு முடியலைன்னாகளே?"

"அவுக நேத்து இளையாத்தங்குடி கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டாகண்ணே. நல்லா இருக்காக."

"அடடா" என்றார் வயிரவன், மனம் உடைந்து. பிறகு எதையோ பிடித்துக்கொண்டவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது இருக்கட்டும். உங்க விமானத்துக்கு என்ன வயசு?"

விமானத்தின் கதவுக்குக் கீழே ஒரு தகடு உண்டு. அதில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து, நவம்பர் என்று தேதியோடு அடித்திருந்தது. அழகுசுந்தரம் அதைச் சொல்ல, வயிரவன் விரல் விட்டு எண்ணினார். அது பிறந்தது விசுவாவசு வருடம். இப்போது நடப்பதும் விசுவாவசு. பிறந்த வருடம் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது.

"அப்பறமென்ன தம்பி, சாந்தி! ரெண்டாவது காரணம். வீட்டைத் தெறந்துறலாம். தலைவர்ட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுருங்க."

இதைச் சிரிப்பென்று நினைத்து அழகுசுந்தரம் சிரித்தார். வயிரவன் சிரிக்கவில்லை.

தலைவர் கார்த்திகேய சிவம், மூத்த வகை. வங்கியொன்றில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று அவருக்கு நடந்த பாராட்டு விழாவிலிருந்து அவர் இன்னும் இறங்கவில்லை. காப்பி கேட்பதைக்கூட மேடையில் கேட்பதுபோலத்தான் கேட்பார்.

"உங்கள் கோரிக்கையை அனுதாபத்துடன் நிராகரிப்பதாக இருந்தேன்" என்றார் தலைவர். "ஆனால் சாந்தி என்று வரும்போது மரபு குறுக்கே வருகிறது. மரபுக்கு நான் கட்டுப்பட்டவன். எனக்குச் சர்வாதிகாரம் பிடிக்காது. நான் சொல்வதை எல்லோரும் விரும்பி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஒரே எதிர்பார்ப்பு. நட்சத்திரம் என்ன?"

"யாருக்குண்ணே?"

"விழா நாயகருக்கு."

தகட்டில் தேதிதான் இருந்தது. பஞ்சாங்கம் வந்தது. பிறந்த தேதியின் நட்சத்திரம் இந்தச் சனிக்கிழமை வருகிறது. ஆனால் பிறந்த இடம் அமெரிக்கா. அங்குட்டுப் பொழுது சாயும்போது இங்குட்டு மறுநாள் விடிந்திருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நட்சத்திரமாகவும் இருக்கலாம் என்று தலைவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஞாயித்துக்கிழமைன்னா விமானம் இருக்காதுண்ணே" என்றார் அழகுசுந்தரம். "சனிக்கிழமை சாயந்தரம் புயல். வெள்ளிக்கிழமையே வச்சுக்கிட்டா என்ன?"

"நட்சத்திரம் இல்லாத நாளில் சாந்தியா? புயலுக்காக வானசாஸ்திரத்தை மாற்ற முடியாது. உங்களுக்காகச் சனிக்கிழமை என்று விட்டுக்கொடுக்கிறேன். அடுத்து, தம்பதி. சாந்தி என்பது அறுபதாம் கல்யாணம். ஒற்றையாக உட்கார்த்தி வைக்க முடியாது. துணை யார்?"

அழகுசுந்தரம் வாயைத் திறந்தார். விமானத்தை இழுத்துவர முத்தரசு என்பவரின் டிராக்டரை ஏற்பாடு செய்திருப்பதாக மட்டும் முணுமுணுத்தார்.

"டிராக்டர் எந்த ஆண்டு?"

"ரெண்டாயிரத்து நாலுண்ணே."

தலைவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "வயது வித்தியாசம் சற்று அதிகம். அந்தக் காலத்தில் அப்படி உண்டு. இருக்கட்டும்."

அன்றிரவே அந்த அறிவிப்பு வாட்சப்பில் போனது. மூன்றாவதான இளைய வகைச் சாவி நெற்குப்பையில் நாராயணிடம் இருந்தது. நாராயண் அங்கே தனக்கிருந்த வேறொரு பழைய வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றி, பித்தளை அண்டாவில் பூ மிதக்கவிட்டுப் பிழைப்பவர். வெள்ளிக்கிழமை காலை, வானம் ஏற்கெனவே சாம்பல் பூசியிருந்தபோது, அழகுசுந்தரம் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போய் அவர் முன் நின்றார்.

"வாங்கண்ணே, உக்காருங்க. தனியாவா வந்தீக?" என்றார் நாராயண். முகம் சுருங்கிவிட்டது.

"சாவி வாங்கிட்டுப் போகலாம்னு..."

"சாவி எங்கண்ணே போகப்போகுது. சாந்தின்னு சொல்றீக. ஒத்தை ஆளா வந்து சொன்னா அது அழைப்பா? பெத்தவுக ரெண்டு பேரும் சேந்து வந்து, வெத்தலை பாக்கு வச்சுச் சொல்றதுதானே மொறை? எங்க வீட்டுப் பால் காய்ச்சுக்கும் நீங்க ஒருத்தராத்தான் வந்தீக. நான் அப்ப ஒண்ணும் சொல்லலை."

"நாராயண், கடல்ல புயல் நிக்குதுப்பா."

"நிக்கட்டும்ண்ணே. நம்ம மொறையும் நிக்கணும்ல?"

முப்பது கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வந்து சாலாவிடம் சொன்னார். சாலா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்தார்.

"நல்லா இருக்கு. விமானத்துக்குப் பத்திரிகை வைக்கக் கண்டாங்கி கட்டிக்கிட்டுப் போறவ உலகத்துலயே நான் ஒருத்திதான். எந்தச் சேலையக் கட்டட்டும்? டிராக்டருக்கு மாமியாராக் கட்டுறதா, விமானத்துக்கு ஆத்தாவாக் கட்டுறதா?"

மறுபடி நெற்குப்பை. வெற்றிலை பாக்குத் தட்டை இருவரும் சேர்த்துப் பிடித்து நீட்டினார்கள். நாராயண் மனைவியும் வந்து வாங்கிக்கொண்டார்.

"இப்பத்தான் மனசுக்கு நெறைவா இருக்கு ஆச்சி" என்றார் நாராயண்.

"எனக்கும்தான் தம்பி" என்றார் சாலா. "எனக்கு இன்னும் அம்பது ஆகலை. அதுக்குள்ள அறுவது வயசுப் பிள்ளையைப் பெத்துட்டேன். அதையும் பத்திரிகையில போட்டுருங்க."

சாவியை நாராயண் அப்போதும் தரவில்லை. விசேஷத்துக்கு வரும்போது தானே கொண்டுவருவது மரியாதை என்றார். அதோடு, தன்னை இப்படி அழைத்துவிட்டு மற்றவர்களுக்கு வாட்சப் அறிவிப்போடு நிறுத்திக்கொண்டால் பேச்சு வந்துவிடும் என்றும் எச்சரித்தார். பேச்சு வந்தால் ஆட்சேபணை வரும். ஒரு புள்ளி ஆட்சேபித்தால்கூட வீடு திறக்காது. ஆகவே வெள்ளிக்கிழமை முழுவதும், தூறலில், கணவனும் மனைவியும் ஊர் ஊராகப் போய்ப் பங்காளிகள் வீட்டுப் படியேறி ஒரு விமானத்தின் அறுபதாம் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்தார்கள். எல்லோரும் காப்பி கொடுத்தார்கள். எல்லோரும் பொண்ணு யாரு என்று கேட்டார்கள். டிராக்டர் என்றதும் எந்த ஊர் என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை காலை காற்று வேறு குரலில் பேசியது. முனீர் விடிந்ததும் ஓடுபாதைக்குப் போய், ஆள் வைத்து ரெக்கைகள் இரண்டையும் கழற்றி, பழைய மெத்தைகள் விரித்த சின்ன லாரியில் படுக்கவைத்தார். ரெக்கை இல்லாத விமானத்தை முத்தரசு டிராக்டரில் பூட்டி, ஆளை நடக்கவிட்டு முன்னால் கொடி காட்டச் சொல்லி, மெதுவாக இழுத்துவந்தார். பகல் சாப்பாட்டுக்கு முன்பே விமானம் மோட்டார் கொட்டகைக்கு எதிரே இருந்த பொட்டலுக்கு வந்துவிட்டது. கேட்டுக்கும் அதற்கும் நாற்பது அடி. அந்த நாற்பது அடியை அழகுசுந்தரம் பார்த்தார். ஒரு வாரத்தில் முதல்முறையாக அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

தலைவர் வந்து இறங்கினார். விமானத்தை ஒருமுறை சுற்றி வந்தார். லாரியை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"ரெக்கைங்கய்யா. கேட்டுக்குள்ள போகணும்ல, அதான் கழட்டிட்டோம்" என்றார் முனீர்.

"விழா நாயகரை அங்கம் பிரித்து அழைத்து வந்திருக்கிறீர்கள்" என்றார் தலைவர். அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது. "சாந்திக்கு உட்காருகிறவர் பூரணமாக இருக்க வேண்டாமா? கையைக் கழற்றி வைத்துவிட்டா மாலை போடுவார்கள்? படம் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினால் நம் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள்? மாட்டுங்கள்."

"அய்யா, மாட்டினா உள்ள போகாதுங்கய்யா."

"விழா முடிந்ததும் கழற்றுங்கள். எப்படியும் மூன்று மணி வரை எமகண்டம். அதற்கு முன் கேட்டைத் திறப்பதாக இல்லை. உங்களுக்கு நேரம் இருக்கிறது."

அழகுசுந்தரம் கெஞ்சினார். கையைப் பிடித்துக் கெஞ்சினார். வயிரவன் அவரை ஓரமாக இழுத்துப் போய், மூத்த வகைச் சாவி தலைவர் பையில்தான் இருக்கிறது என்பதை நினைவூட்டினார்.

முனீர் ரெக்கைகளை மாட்டினார். காற்றில் நாலு பேர் ரெக்கையைத் தூக்கிப் பிடிக்க, அவர் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார். "சார்ஜாவுல ராசா வீட்டு விமானத்துக்கெல்லாம் ரெக்கை மாட்டிருக்கேன்ண்ணே" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "போட்டோவுக்கு மாட்டினதில்லை."

இரண்டு ரெக்கைகளையும் கயிறு போட்டு எங்காவது கட்டியாக வேண்டும். பொட்டலில் மரமில்லை, கொக்கியில்லை. விழாவுக்காக நட்ட பந்தல் கால்கள்தான் இருந்தன. அவற்றுக்கிடையே தலைவர் இரண்டு கையும் கூப்பி நிற்கும் பெரிய பதாகை கட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் முனீர் அதிலேயே கட்டினார்.

மூன்று மணிக்கு மூன்று சாவிகளும் ஒன்றுகூடின. கேட்டு முனகிக்கொண்டு திறந்தது. வௌவால்கள் வெளியேறின. விமானத்தின் மூக்கில் ஒரு மாலை, டிராக்டரின் புகைக்குழாயில் ஒரு மாலை. சங்கு ஊதினார்கள். மழை வலுத்தது.

"பெண்ணை மழையில் நிறுத்தக் கூடாது. பெண் அழைப்பு முதலில்" என்றார் தலைவர்.

முத்தரசு ஒருமுறை அழகுசுந்தரத்தைப் பார்த்தார். "நான் கழட்டிக்கிட்டுப் போயிட்டா இதை யாரு இழுப்பா?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் நாலு பங்காளிகள் கொக்கியைக் கழற்றிவிட்டார்கள். டிராக்டர் ஆரத்தியோடு கொட்டகைக்குள் போய்க் கடைசிச் சுவரோரம் நின்றது.

"முனீர், கழட்டு" என்று கத்தினார் அழகுசுந்தரம். "ரெக்கையக் கழட்டு, தள்ளிக்கிட்டே போயிருவோம்."

முனீர் முதல் போல்ட்டில் ஸ்பானரை வைத்தபோது நாராயணின் புதிய கார் மெல்ல ஊர்ந்து வந்து கேட்டுக்குள் நுழைந்தது. கண்ணாடி இறங்கியது.

"அஞ்சே நிமிசம்ண்ணே. வண்டி எடுத்து ஒரு மாசம்கூட ஆகலை. கல்லு மழை விழுந்தா ஒடுங்கிரும். சாப்புட்டு உடனே எடுத்துர்றேன்."

நாராயண் உள்ளே விட்டால் மூத்த வகை வெளியே நிற்குமா? தலைவரின் கார் போனது. தலைவர் கார் போனால் நடு வகைக்கு என்ன குறை? வயிரவனின் மருமகன் கார் போனது. அதன் பிறகு ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. எத்தனையோ வருடமாகத் தங்கள் பங்கை ஒருவராலும் அனுபவிக்க முடியவில்லை, இன்று கிடைத்தது. அழகுசுந்தரம் கையை விரித்துக் கேட்டின் நடுவில் நின்றார். "எடம் விடுங்க! விமானத்துக்குத்தான் தெறந்தது!" என்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒரு பங்காளி கண்ணாடியை இறக்கி, "எங்களுதெல்லாம் புதுசு தம்பி, உங்களுது அறுவது வருசத்துப் பழசுதானே" என்று ஆறுதல் சொல்லிவிட்டு அவரை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அழகுசுந்தரம் முன்கட்டுக்கு ஓடினார். அங்கே தலைவர் பேசிக்கொண்டிருந்தார். ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையில் பங்காளிகள் ஈரம் உலர உட்கார்ந்திருந்தார்கள்.

"நாம் யார்?" என்று கேட்டார் தலைவர். "கடலைக் கண்டு அஞ்சாதவர்கள். நம் பாட்டனார் பர்மாவிலிருந்து தேக்கைக் கொண்டுவந்தார். இத்தாலியிலிருந்து கல்லைக் கொண்டுவந்தார். எதையும் எங்கிருந்தும் கொண்டுவரும் ஆற்றல் படைத்த பரம்பரை இது!"

"அண்ணே" என்றார் அழகுசுந்தரம், நனைந்து சொட்டிக்கொண்டு. "நாப்பது அடிண்ணே. காரை எடுக்கச் சொல்லுங்க."

"தம்பி உணர்ச்சிவசப்படுகிறார். ஒரு தகப்பனின் உணர்ச்சி" என்றார் தலைவர், கூட்டத்தைப் பார்த்து. கைதட்டினார்கள். "தம்பிக்கு ஒன்று சொல்வேன். அதன் பெயர் மோட்டார் கொட்டகை. மோட்டார் கொட்டகையில் மோட்டார் நிற்பது மரபு. அதை நான் மாற்ற முடியாது. இந்த வீட்டின் மீது நமக்குள்ள பாசம் எத்தகையது? இதில் குடியிருந்தால் அழுக்காகிவிடும் என்று நம்மில் ஒருவர்கூட இதில் குடியிருக்கவில்லை! இதன் ஒற்றுமை எத்தகையது? ஒருவர் திறக்க நினைத்தால் இருவர் தடுக்க முடியும்! இத்தகைய பாதுகாப்பு உலகில் வேறெங்கே உண்டு?"

அப்போது பின் தெருவிலிருந்து பெரிய சத்தம் கேட்டது. தகரம் கிழிகிற சத்தம்போல. சாலா கத்தியது அதற்கு மேலே கேட்டது.

அழகுசுந்தரம் ஓடி வந்தபோது விமானம் மூக்கைத் தூக்கியிருந்தது. முனீரும் முத்தரசும் ஆளுக்கொரு ரெக்கையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீச்சில் இருவரையும் அது உதறிப் போட்டது. நாலு பந்தல் கால்களும் பல் பிடுங்குவதுபோல மண்ணிலிருந்து வந்தன. விமானம் எழுந்தது. கொட்டகைச் சுவர் உயரம் போனது. வீட்டு மாடி உயரம் போனது. பின்னால் கயிற்றில், தலைவர் கைகூப்பியபடி காற்றில் பரந்து விரிந்து ஊரையே வணங்கிக்கொண்டு போனார். ஒரு கணம் ரெக்கை இரண்டும் ஒரே மட்டமாக, சாயாமல், ஆடாமல் நின்றன. ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அழகுசுந்தரம் மனதுக்குள் பார்த்திருந்தது சரியாக அப்படித்தான் இருந்தது. மூக்கிலிருந்த மாலைகூட விழவில்லை.

பிறகு இடது பக்கம் சாய்ந்து, மதிலைத் தாண்டி, ஊருணியில் தலைகீழாக விழுந்தது. வால் மட்டும் வெளியே தெரிந்தது.

முனீர் முழங்கையில் ரத்தத்தோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"ரெக்கையச் சரியாத்தான்ண்ணே மாட்டிருக்கேன்" என்றார்.

"ஆமாடா" என்றார் அழகுசுந்தரம்.

சாலா முந்தானையால் அவர் தலையைத் துவட்டினார். ஏதாவது சொல்லி ஏசுவார் என்று அவர் காத்திருந்தார். சாலா துவட்டிக்கொண்டே இருந்தார்.

குடை பிடித்துக்கொண்டு வயிரவன் வந்தார். ஊருணியை எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மௌனமாக நின்றார். பிறகு அழகுசுந்தரத்தின் தோளில் கை வைத்தார்.

"மனசை விட்டுறாதீக தம்பி. இப்ப இது துக்கக் கணக்குல வந்துருச்சு. இனி தலைவர்ட்டகூடக் கேக்க வேண்டாம். எந்நேரமும் தெறந்துக்கலாம்."

மறுநாள் காலை புயல் வலுவிழந்தது. மோட்டார் கொட்டகையில் நின்ற பதினாறு கார்களுக்கும் ஒரு டிராக்டருக்கும் கீறல்கூட இல்லை.